கறிவேப்பிலையோடு வந்த கறுப்பு வண்ணத்துப்பூச்சி

1

ஜூன் மாதம் எனக்கு ஒரு வாழ்த்து மின்னஞ்சல் வந்தது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துப் புல்வெளிகளில் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பார்த்து, எண்ணி, இணையத்தளத்தில் பதியத் தொடங்கி எனக்குப் பத்து வருடம் ஆகிவிட்டதாம். 'நம்பகமான பதிவாளர்' என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சின்னமும் போட்டிருந்தார்கள். வாசித்ததும் எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. மகள் துஷிக்கு அனுப்பினேன். அவள் துரொண்ட்ஹைமில் படித்து, அங்கேயே வேலை எடுத்து, அங்கேயே ஒரு பொடியனையும் பிடித்துக்கொண்டு இருக்கிறவள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை, கட்டைவிரலாவது வந்தது.

ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொல்லத்தானே வேணும்! அந்த மின்னஞ்சலை நான் வாசித்துச் சந்தோசப்பட்ட நேரம், குரோருட்டில் எங்கள் நாலாம் மாடி வீட்டுக்குள், ஒருத்தருக்கும் சொல்லாமல், நோர்வே நாட்டிலேயே இருக்கக்கூடாத ஒரு புழுவை நான் ஒளித்து வளர்த்துக்கொண்டிருந்தேன். நம்பகமான பதிவாளராம்!

2

நான் பூச்சி பார்க்கத் தொடங்கியதே ஒரு பகிடிதான். வயோதிபர் இல்லச் சமையலறையில் வேலை செய்து, பெரிய பெரிய பானை தூக்கி, இடுப்புப் பக்கம் நாரி பிடித்துக்கொண்டது. டொக்டர் நடக்கச் சொன்னார். மருந்து தாருங்கோ என்றால், இதுதான் மருந்து என்றார். சரியென்று எல்லிங்ஸ்ருட் பக்கம், காட்டோரப் புல்வெளியில் நடக்கப் போனேன். அங்கே ஒரு நெட்டை மனுசி, தலை முழுக்க நரை, கையில் நீளத் தடியில் வலை கட்டிக்கொண்டு, முழங்காலளவு புல்லுக்குள் குந்தியிருந்து தனக்குத்தானே கதைத்துக்கொண்டிருந்தா. நான் வேலை செய்கிற இல்லத்திலிருந்து யாரோ தப்பி ஓடி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, பக்கத்தில் போய்க் கையைப் பிடித்து, "வாங்கோ அம்மா, வீட்டை போவம்" என்றேன்.

"அசையாதை!" என்று கத்தினா. "உன்ர சப்பாத்துக்குப் பக்கத்திலை பார்!"

அதுதான் இங்கெர். அவ கதைத்தது நொஸ்கில், அதாவது நோர்வே மொழியில். நான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன், இனிமேலும் அப்படித்தான். ஓய்வு பெற்ற தபால்காரி. நாற்பது வருடமாக இந்தக் குரோருட் பள்ளத்தாக்கின் பூச்சிகளைப் பதிகிறவ. எங்கள் பகுதிப் பதிவுகளைச் சரிபார்த்து ஓம், இல்லை என்று சொல்வதும் அவதான். சப்பாத்துக்குப் பக்கத்தில் இருந்தது சாம்பல் நிறத்தில் நகத்தளவு ஒரு பூச்சி. செட்டையைத் திறந்தது. உள்ளுக்கு நீலம்! அப்படி ஒரு நீலம்!

ஊரில் நான் வண்ணத்துப்பூச்சி பார்த்ததாக நினைவே இல்லை. கோண்டாவிலில் எங்கள் தேசிக்காய் மரத்தில் நூறு நூறாய் வந்திருக்கும். எனக்குத் தெரிந்தது அம்மா செருப்பால் அடித்துப் போடுகிற புழுவை மட்டும்தான். சின்ன வயதில் நாங்கள் மேலே பார்த்தது வேறு சத்தங்களுக்காக. ஆகவே நாற்பத்தாறாம் வயதில், நாரிப் பிடிப்போடு, முதன்முதல் குனிந்து ஒரு பூச்சியைப் பார்த்தவள் நான். பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்?

இங்கெரின் சட்டம் மூன்று. "கண்டதை எழுது. காணாததை எழுதாதை. கண்டிருப்பன் எண்டு நினைச்சதை எழுதவே எழுதாதை." ஒரே பாதையில், ஒரே வேகத்தில், இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நடக்க வேணும். பின்னால் பறப்பதை எண்ணக்கூடாது. ஒருமுறை நான் எட்டை ஒன்பது என்று போட்டதற்கு ஸ்டேசன் வரைக்கும் பேச்சு வாங்கினேன்.

அந்துப்பூச்சிக்கு வேறு முறை. பல்கனியில் ஒரு வாளி, அதற்கு மேல் ஒரு லைட், வாளிக்குள் முட்டை மட்டைகள். வெளிச்சத்துக்கு வருகிற பூச்சிகள் மட்டையின் குழிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காலமை எழும்பி ஒவ்வொரு மட்டையாய்ப் புரட்டி, படம் எடுத்து, எண்ணி, விட்டுவிட வேண்டியதுதான். நான் எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெயர் வைத்திருக்கிறேன். கழுத்தில் பஞ்சுபோல மயிர் வைத்துக்கொண்டு பெருத்த உடம்போடு வருகிறது 'கனடா மாமி'. மீசையை முறுக்கிக்கொண்டு நடக்கிறது 'விதானையார்'. ஒருநாள் இங்கெருக்கு முன்னால் வாய் தவறி, "இண்டைக்குக் கனடா மாமி நாலு பேர்" என்று சொல்லிவிட்டேன். மனுசி சிரித்த சிரிப்பில் அவவின் மூக்குக்கண்ணாடி வாளிக்குள் விழுந்தது.

பல்கனி லைட்டுக்குக் குடியிருப்புச் சபை கடிதம் போட்டது. நான்கு பக்கம். எந்த விதியின் எந்தப் பிரிவின்படி நான் லைட் பிடிக்கிறேன் என்று விளக்கம் கேட்டார்கள். இங்கெர் நேரே கூட்டத்துக்கு வந்து, அந்துப்பூச்சிகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினா. அவவை வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்று எல்லாரும் கை உயர்த்தி அனுமதி தந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட சிநேகிதி. இந்த நாட்டில் எனக்கு இருக்கிற ஒரே நொஸ்க் சிநேகிதி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ, அப்போதுதான் நான் செய்த வேலையின் விசர் உங்களுக்கு விளங்கும்.

3

மே மாதக் கடைசியில் என் தங்கச்சி யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வந்தாள். சூட்கேஸைத் திறந்தாள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பினாட்டு. அடியில், பேப்பரில் சுற்றி, பெரிய கறிவேப்பிலைக் கட்டு ஒன்று.

"ஏனடி, உதைக் கொண்டு வரக்கூடாதல்லோ!"

"கடையிலை விக்கிறது ஒரு இலையோ அக்கா? மணமே இல்லை. பிடி, கதையாதை."

பச்சை இலை குழையைச் சூட்கேஸில் கொண்டு வருவது இங்கே சட்டப்படி பிழை. எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் ஒருத்தரும் விடுவதில்லை. கொண்டு வந்தது வீடு வீடாகப் பங்கிடப்படும். நானும் பங்கை வாங்கிக்கொண்டு வந்து, கழுவுவதற்காக உதறினேன். ஒரு இலையில் குருவி எச்சம் போல ஒன்று. உதறினேன், விழவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன்.

குருவி எச்சம் நடந்தது.

ஐயோ, என்ர அம்மாளாச்சி! பத்து வருடமாகப் புழுப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? என் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது எவ்வளவோ, சூட்கேஸுக்குள், பேப்பருக்குள், விமானத்துக்குள், தின்று தின்று வந்திருக்கிறது! குப்பையில் போடவேண்டியதுதான் முறை. அல்லது இங்கெருக்குப் போன் கோல் எடுக்க வேண்டியது முறை. நான் இரண்டும் செய்யவில்லை. கோல் எடுத்தால், இலை எங்காலை வந்தது என்று கேட்பா. தங்கச்சியைச் சொல்ல வேணும். வெளிநாட்டுப் பூச்சியை வீட்டில் வைத்திருந்தது என்று ஒரு விண்ணப்பம், ஒரு விசாரணை, ஒரு கடிதம் வரும். என் கை மெதுவாகப் போய், அந்தப் புழுவை இலைக் கொத்தோடு எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தில் ஏற்றிவிட்டது.

4

அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல வேணும். அது இவருடைய மரம். என் மனுசன் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் சமையலும் அவர்தான், பானை தூக்கி வந்தவளை அடுப்படிக்குள் விடமாட்டார். வரவேற்பறை யன்னலோரம் பெரிய சாடியில் அந்த மரம் நிற்கிறது. குளிர்காலத்தில் அதற்குத் தனி லைட், தனி ஹீற்றர். துஷிக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இவர் இவ்வளவு பதறியது கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலமை. "வசந்தி, இஞ்சை வாரும்! ஆர் என்ர இலையைப் புடுங்கினது?"

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

"மேல் வீட்டுப் பிள்ளையாத்தான் இருக்கும்" என்றார் இவர். பிரியா, கோயம்புத்தூர்ப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலைக்கு வந்தவள். "அங்கிள், கொஞ்சம் கருவேப்பிலை கிடைக்குமா?" என்று மாதத்தில் ஒருக்கால் கேட்டு வருவாள். இவர் நாலு இலை எண்ணிக் கொடுப்பார். பாவம் அந்தப் பிள்ளை, அடுத்த முறை வந்தபோது இவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "மரத்துக்குச் சுகமில்லை" என்று அனுப்பிவிட்டார். நான் அறைக்குள் போய்ச் சிரித்துச் சிரித்து, பிறகு வெட்கப்பட்டு, நாலு இலை ஒளித்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். இப்போது உண்மையிலேயே வீட்டில் இரண்டு கள்ளர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்கிறது? புழு பச்சை நிறமாகி, என் சின்ன விரல் தடிப்புக்கு வந்துவிட்டது. ஒரு பின்னேரம் இவர் கண்டுவிட்டார். "உதுவோ கள்ளன்!" என்று விரலால் ஒரு தட்டுத் தட்டினார். உடனே அது தலையை உயர்த்தி, கழுத்துக்குள்ளிருந்து செம்மஞ்சளாய் இரண்டு கொம்பை வெளியே நீட்டி, ஒரு நாற்றமும் விட்டது. இவர் இரண்டடி பின்னால் பாய்ந்தார். பிறகு முன்னுக்கு வந்தார். இன்னொருக்கால் தட்டினார். கொம்பு! இன்னொருக்கால். கொம்பு!

"இஞ்சை பாரும், இவனுக்குக் கோவத்தைப் பாரும்!" பஸ்ஸில் இருபது வருடம் ஒருத்தருக்கும் பல்லைக் காட்டாத மனுசன், நிலத்தில் இருந்து சிரிக்கிறார்.

நான் அழாக்குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். சூட்கேஸ், தங்கச்சி, இங்கெர். இவர் சிரிப்பை நிறுத்தினார். எழும்பிப் போய் யன்னல் திரையை இழுத்துவிட்டார். "ஆரிட்டையும் சொல்லாதையும். அந்த மனுசியிட்டையும்தான். மரத்தையும் சேத்துக் கொண்டுபோவாங்கள்."

இவரைப் பிழை சொல்ல முடியாது. இவர் இந்த நாட்டுக்கு வந்தபோது முதல் விசாரணையில் ஒரு திகதியை மாறிச் சொல்லிவிட்டார். அந்த ஒரு திகதிக்காக ஆறு வருடம் கடிதம் எழுதி, அப்பீல் போட்டு, காத்திருந்தவர். இன்றைக்கும் ஒரு தாளில் பெயர் எழுதச் சொன்னால், ஏன், எதற்கு, ஆருக்கு என்று மூன்று கேள்வி கேட்பார். மகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாப் படிவத்தில்கூட நான்தான் கையெழுத்து வைத்தேன்.

ஆனால் அடுத்த நாள் முதல் இலை எண்ணுவது அவர்தான். "இண்டைக்குப் பதின்மூண்டு தின்னிட்டான்" என்று வேலையிலிருந்து வந்ததும் வராததுமாய்க் கணக்குச் சொல்வார். நான் கொப்பியில் எழுதுவேன். ஒரு நாள் அது தின்பதை நிறுத்திவிட்டு, தண்டில் நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து, கூடாகிவிட்டது. அன்றைக்கு இவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

5

ஜூன் கடைசியில், ஒரு ஞாயிறு காலமை, ஏழு மணி இருக்கும். கூடு வெடித்தது. ஈரத்தில் நனைந்த துணி போல ஒன்று வெளியே வந்து தொங்கியது. நான் பார்க்கப் பார்க்க அது செட்டை ஆனது. கறுப்பு! நல்ல மினுமினுத்த கறுப்பு, பின்செட்டையில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாய், வாலும் இருந்தது. நான் கையைத் தட்டினேன், குதித்தேன், இவரின் தோளைப் பிடித்து ஆட்டினேன். அம்மா செருப்பால் அடித்ததெல்லாம் இதையா? கடவுளே!

ஒரு பக்கம் அந்தச் சந்தோசம். மறுபக்கம் ஒருத்தருக்கும் சொல்ல முடியாத அந்தரம். சொல்லாமல் வைத்திருக்கிற சந்தோசம் வயிற்றுக்குள் ஊதிக்கொண்டு நிற்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பூச்சியை வெளியே விடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே சீனித் தண்ணி கொடுத்து வைத்திருப்பதாகத்தான் திட்டம். ஆனால் இவர் அன்றைக்குச் சந்தோசத்தில் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கத் தொடங்கினார். கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், அதற்கு மேல் கறிவேப்பிலை. தாளித்த புகைக்கு மேலே இருந்த புகை அலாரம் கத்தியது. எங்கள் ஆட்களின் வீடுகளில் அலாரம் கத்தினால் செய்கிற வேலை ஒன்றுதான். இவர் ஓடிப்போய்ப் பல்கனிக் கதவை அகலத் திறந்தார்.

நான் "கதவு!" என்று கத்தி முடிக்க முதல், அது என் தலைக்கு மேலால் போய்விட்டது.

6

அன்றைக்குப் பின்னேரமே பிரியா ஓடிவந்தாள். கையில் போன். "ஆன்ட்டி! நீங்கதானே பட்டர்ஃப்ளை எக்ஸ்பர்ட்! என் பால்கனி பூவுல வந்து உட்கார்ந்துச்சு, செம அழகு! இது என்னன்னு சொல்லுங்க. எங்க ஊர்ல இருக்கிற மாதிரியே இருக்கு!" படம் அவ்வளவு தெளிவு. எங்கள் குடியிருப்பின் முகநூல் பக்கத்திலும் போட்டுவிட்டாளாம். ஐம்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

"தெரியேல்லை பிள்ளை" என்றேன். பத்து வருடத்தில் நான் சொன்ன முதல் பொய்ப் பதிவு அது.

மறுநாள் காலமை ஏழரைக்கு இங்கெரின் கோல். நொஸ்க் ஆட்கள் ஒன்பது மணிக்கு முதல் ஒருத்தருக்கும் கோல் எடுக்கமாட்டார்கள், வீடு பற்றி எரிந்தாலும் ஒரு குறுஞ்செய்திதான் போடுவார்கள். இவ மூச்சு வாங்க வாங்கக் கதைத்தா. "வசந்தி! குரோருட்டிலை! உன்ர கட்டிடத்திலை! முகநூலிலை படம் பாத்தன்! நோர்வேயிலை ஒருநாளும் காணாத இனம்! தெற்கிலை இருந்து காத்தோடை வந்திருக்கலாம். வெக்கை கூடுது, வரத்து மாறுது, நான் சொல்லிக்கொண்டே இருந்தனான், ஒருத்தரும் கேக்கேல்லை! நாப்பது வருசம், வசந்தி, நாப்பது வருசத்திலை இந்தப் பள்ளத்தாக்கிலை எனக்கு ஒரு புதுசு கிடைக்கேல்லை!" எழுபத்தொரு வயது மனுசி போனில் அழுதா.

அடுத்த இரண்டு நாள் அவ எங்கள் கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தா. வலை, கமரா, மடிக்கிற கதிரை, தெர்மோஸ். வேறு பதிவாளர்களும் வந்து நின்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வெள்ளிக்கிழமை வருவாராம். நான் திரையை விலக்கி மேலிருந்து பார்ப்பேன், கீழே இருந்து அவ கையசைப்பா, நானும் அசைப்பேன், திரையை மூடிவிட்டு வந்து கதிரையில் விழுவேன்.

"எத்தினை நாளைக்கு உயிரோடை இருக்கும் உது?" என்று இவர் கேட்டார்.

"ரண்டு கிழமை."

"பிறகு எல்லாரும் மறந்திடுவினம். பேசாமல் இரும்."

ஆனால் வியாழக்கிழமை இங்கெர் செய்தி அனுப்பினா. ட்வெய்ட்டாவில், கடைத்தொகுதிக் கோப்பிக் கடையில் சந்திப்பம். இந்தப் பதிவை முழுமையாக்க இரண்டாம் சாட்சியாக என் பெயரைப் போட வேணும், 'என்ர பதிவாளர்களிலை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புறது உன்னைத்தான்' என்று எழுதியிருந்தா. நான் அதை வேலையில், இல்லச் சமையலறையில் வைத்து வாசித்தேன். ஐம்பது பேருக்குக் கரட் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டு அழுதேன். வெங்காயம் வெட்டவில்லையே என்று கூட வேலை செய்கிறவள் கேட்டாள்.

7

கோப்பிக் கடையில் இங்கெர் இரண்டு கறுவா பணிஸ் வாங்கி வைத்திருந்தா. வழமையாக அவரவருக்கு அவரவர் வாங்குவோம். அவவின் மடிக்கணினியில் படிவம் திறந்திருந்தது. இனம், இடம், திகதி. கடைசியில் ஒரு பெட்டி: 'இயற்கையாக வந்தது'. அதில் ஒரு புள்ளடி போட வேணும். அவ கணினியை என் பக்கம் திருப்பினா.

"ஆறுதலாப் பார்" என்றா. கண் மினுமினுத்தது.

நான் பார்த்தேன். பிறகு என் பைக்குள் இருந்து கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். "இங்கெர், அது காத்தோடை வரேல்லை. என்ர தங்கச்சியின்ர சூட்கேஸிலை வந்தது. நான்தான் வளத்தனான்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சொல்லும்போது வெட்கத்தில் நடுவில் சிரிப்பும் வந்தது, அது இன்னும் வெட்கம். இங்கெர் கொப்பியைத் திறந்தா. பக்கம் பக்கமாகப் பார்த்தா. தமிழில் எழுதியிருந்தாலும் திகதியும் எண்ணும் விளங்கும்தானே.

"இது என்ன, பதின்மூண்டு?"

"தின்ற இலை."

"கூட்டிலை எத்தினை நாள்?"

"பதினொண்டு."

"எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது? செட்டை காய எவ்வளவு நேரம்?" ஒவ்வொன்றாய்க் கேட்டா, ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். கேட்டு முடிந்ததும் கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினா. படிவத்தில் எழுதியிருந்த எல்லாவற்றையும் ஒரு விசையில் அழித்தா.

"எனக்குச் சட்டம் பயம், இங்கெர். தங்கச்சி... மரம்..."

"நான் சட்டம் கேக்கேல்லை" என்றா. "நாப்பது வருசமா நான் செட்டையாலை பறக்கிற பூச்சியைத்தான் துரத்திறன். இப்பிடி ஒண்டு கூட்டிலை இருந்து வெளிக்கிடுறதை நான் கண்டதே இல்லை. நீ ஒரு மாசம் அதை வீட்டிலை வைச்சிருந்தனி. நான் பத்து நிமிச நடையிலை இருக்கிறன். எனக்கு ஒரு கோல் எடுக்க உனக்குத் தோன்றேல்லை."

எழும்பினா. பணிஸைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டா.

வீட்டுக்கு டி-பானே ரயிலில் வந்தபோது நான் நினைத்தேன். இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்தும், ஒன்று நடந்தால் எனக்கு முதலில் வருவது ஆருக்கு மறைக்க வேணும் என்ற யோசனைதான். ஆரைக் கூப்பிட வேணும் என்று ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு என்னிலேயே கோபம் கோபமாய் வந்தது.

அன்றைக்கே தளத்தில் இங்கெர் திருத்தம் போட்டிருந்தா: 'உணவு இலையோடு மனிதரால் கொண்டுவரப்பட்டது. வளர்த்தவரின் குறிப்புகள் மிகத் திருத்தமானவை.' பத்திரிகைக்காரரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டா. தங்கச்சியின் பெயர் எங்கும் இல்லை. எனக்கு ஒரு சொல்லும் இல்லை. நாலு நாள்.

8

ஐந்தாம் நாள் இவர் யன்னல் தட்டைத் துடைக்கப் போனார். "வசந்தி!" என்ற குரலில் நான் சோப்புக் கையோடு ஓடினேன். யன்னல் தட்டின் அடிப்பக்கம், திரைக்குப் பின்னால், ஒரு கூடு. இரண்டாவது! நான் மரத்தில் வைத்த அந்தக் கொத்தில் இரண்டு புழு இருந்திருக்கிறது. அதுதானே, ஒரு புழு பதின்மூன்று இலை எப்படித் தின்னும் என்று நான் யோசித்திருக்க வேணும். நம்பகமான பதிவாளராம், பச்சைச் சின்னமாம்!

கூடு கறுத்து, உள்ளே வெள்ளைப் பொட்டு மங்கலாய்த் தெரிந்தது. அப்படியென்றால் நாளைக் காலமை வெளிக்கிடும்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"அந்த மனுசிக்குக் கோல் எடும்" என்றார்.

"வருவாவோ?"

"எடும் எண்டிறன். முன்பின் தெரியாத ஆக்களையே இரவு தங்கச் சொல்லுற சனம் நாங்கள். தங்கச் சொல்லும்."

எடுத்தேன். நாலு தரம் மணி அடித்த பிறகு எடுத்தா. "ஹெய்" என்றா, கட்டைக் குரலில். நான் முகமன் ஒன்றும் சொல்லவில்லை. "இங்கெர், இன்னொண்டு இருக்கு. நாளைக்கு வெளிக்கிடும். இரவு இஞ்சை வந்து படு" என்றேன்.

மறுபக்கம் ஏதோ விழுந்து உடைகிற சத்தம். "வாறன்!" என்றா.

வந்தா. நித்திரைப் பை, தலையணை, கமரா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடதாசியில் சுற்றிய பாணும் சீஸும். இரவு தங்க வந்த வீட்டுக்குத் தன் சாப்பாட்டைத் தானே கொண்டு வந்திருந்தா! இவர் அந்தப் பொட்டலத்தை அவவின் கையிலிருந்து வாங்கி, குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, புட்டும் முட்டைப் பொரியலும் கொண்டுவந்து வைத்தார். அவ சாப்பிடத் தொடங்க முதல், இவர் அலுமாரிக்குள் இருந்து பைல் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். "மரம் ஒஸ்லோக் கடையிலை வாங்கினது. ஒன்பது வருசம். இஞ்சை பாருங்கோ, பற்றுச்சீட்டு." மங்கிப்போன துண்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தார். இங்கெர் அதைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, ஒவ்வொரு வரியாய், தபால்காரி கடிதத்தைப் பார்க்கிற மாதிரி மரியாதையாய் வாசித்துவிட்டு, "எல்லாம் சரி" என்று திருப்பிக் கொடுத்தா. இவர் முகத்தில் விசா கிடைத்த சந்தோசம்.

எனக்கும் அவவுக்கும் நடுவில் கிடந்த அந்தக் கதையை நாங்கள் ஒருத்தரும் எடுக்கவில்லை. படுக்க முதல் அவ என் தோளில் ஒரு குத்துக் குத்தினா. நொந்தது.

காலமை ஐந்தரைக்கு மூன்று பேரும் யன்னலுக்குக் கீழே நிலத்தில். கதவெல்லாம் பூட்டு, இவர் புகை அலாரத்துக்குக் கீழேகூடப் போகவில்லை. ஆறு பத்துக்குக் கூடு வெடித்தது. இங்கெர் கமராவை எடுக்க மறந்துவிட்டா. வாயைத் திறந்தபடி, முழங்காலில் நின்று, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அது வெளியே வந்து தொங்கி, சுருங்கிய செட்டை கொஞ்சம் கொஞ்சமாய் நீளுவதைப் பார்த்தா. "பார், பார், பார்!" என்று என் கையை நெரித்தா. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அவவைத்தான் பார்த்தேன். இவர் கண்ணைத் துடைத்துவிட்டு, வெங்காயம் வெட்டப் போவதாகச் சொன்னார், ஆனால் போகவில்லை. பிறகு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாது. நிலத்தில் உருண்டு சிரித்தோம்.

அது மரத்தில் ஏறி இருந்து செட்டையைக் காயவிட்ட பிறகு, இங்கெர் மடிக்கணினியைத் திறந்தா. இனம். இடம்: குரோருட், நாலாம் மாடி, வரவேற்பறை. வந்த விதம்: மனிதரால் கொண்டுவரப்பட்டது, வீட்டுக்குள் மட்டும். கண்டவர்கள்: தன் பெயரை எழுதினா, என் பெயரை எழுதினா. இவரைத் திரும்பிப் பார்த்தா.

"உங்கடை பேர்?"

"என்ர பேர் வேண்டாம்" என்றார் இவர் உடனே. "ஏன்? எதுக்கு? அது ஆருக்குப் போகுது?"

"ஆரும் பாக்கலாம். எப்பவும் இருக்கும்" என்றா இங்கெர். "நீங்கள் கண்டனீங்கள்தானே?"

இவர் என்னைப் பார்த்தார். எழும்பி யன்னலடிக்குப் போனார், வந்தார். பூச்சி செட்டையை ஒருக்கால் விரித்து மூடியது. இவர் இங்கெருக்குப் பக்கத்தில் போய் முழங்காலில் இருந்து, கணினியை எட்டிப் பார்த்து, தன் தகப்பன் பெயரோடு சேர்த்துத் தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாய்ச் சொல்லத் தொடங்கினார். நொஸ்க் காதுக்கு அது சின்னப் பெயர் இல்லை. பாதியில் இங்கெர் ஒரு எழுத்தை விட்டுவிட்டா.

"வசந்தி, அவவுக்கு நல்லாச் சொல்லும்" என்றார் இவர். "ஒரு எழுத்தும் பிழைக்கக் கூடாது."